மீப்பாய்மமா, மாறுநிலை கடந்த பாய்மமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக supercritical fluid என்பதற்குச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்: திரவம், வாயு என்ற வேறுபாடு மறையும் எல்லையை, அதாவது மாறுநிலையை, தாண்டிய பாய்மம் (திரவம், வாயு போல ஓடக்கூடிய பொருள்). 'மீமாறுநிலைப் பாய்மம்' நீளமாக இருக்கிறது, 'மீப்பாய்மம்' என்று சுருக்கிவிடலாம் என ஒரு யோசனை வந்திருக்கிறது. சுருக்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பெயரை (superfluid என்ற பொருளில்) ஹீலியம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. சுமார் 2.17 கெல்வினுக்குக் கீழே பாகுத்தன்மை இல்லாமல் ஓடும் திரவ ஹீலியத்துக்குத்தான் அது பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் மாணவர் பாடு திண்டாட்டம்.

நாம் பெயர் வைக்க வேண்டிய பொருள் என்ன என்பதை ஒருமுறை பார்த்துவிடலாம். தடித்த கண்ணாடிக் குழாயில் சரியான அளவு கார்பன் டை ஆக்சைடை அடைத்து மூடினால் கீழே திரவம், மேலே ஆவி, நடுவே இரண்டையும் பிரிக்கும் வளைந்த பரப்பான பிறைத்தளம். மெல்லச் சூடேற்றுங்கள். திரவம் விரிந்து அடர்த்தி குறைகிறது. மேலே ஆவியின் அடர்த்தி ஏறிக்கொண்டே வருகிறது. 31 டிகிரி செல்சியசை நெருங்கும்போது பிறைத்தளம் தட்டையாகி மங்குகிறது, குழாய் சற்று நேரம் பால் கலந்தாற்போல வெளுக்கிறது. அப்புறம் தெளிந்து பார்த்தால் பிறைத்தளத்தையே காணோம். திரவம் கொதித்துத் தீர்ந்துவிடவில்லை. இரண்டின் அடர்த்தியும் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். வேதியியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் இந்த எல்லையைத்தான் மாறுநிலைப் புள்ளி என்று வரையறுத்தார்.

அதனால் பெயரில் 'திரவம்', 'வாயு' இரண்டுமே வரக்கூடாது. பாய்மம் சரி. சிக்கல் 'மீ'யில்தான். மீமாறுநிலை என்றால் 'மாறுநிலை ரொம்ப அதிகம்' என்று படிக்கத் தோன்றுகிறது. இங்கே மிகுதி எதுவும் இல்லை, ஓர் எல்லையைத் தாண்டியிருக்கிறோம். ஆகவே என் முன்மொழிவு: மாறுநிலை கடந்த பாய்மம். பொருளின் பெயரோடும் இயல்பாகச் சேரும்: மாறுநிலை கடந்த நீர், மாறுநிலை கடந்த கார்பன் டை ஆக்சைடு. எல்லைக்கு இப்பால் இருப்பதை 'மாறுநிலைக்குட்பட்ட' என்று சொல்லிவிடலாம்.

'வெப்பநிலை கடந்த' என்று ஏன் வைக்கக்கூடாது என்று ஒருவர் கேட்டிருந்தார். வெப்பநிலை மட்டும் போதாது. நைட்ரஜனின் மாறுநிலை வெப்பநிலை −147 டிகிரி. நாம் மூச்சிழுக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் அதை எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் அது வெறும் வாயுதான், ஏனென்றால் அதன் மாறுநிலை அழுத்தம் சாதாரண வளிமண்டல அழுத்தத்தைப் போல 33 மடங்குக்கும் மேல். நீருக்கு 374 டிகிரியும் வளிமண்டல அழுத்தத்தைப் போல 218 மடங்கும் சேர்ந்தே தேவை. 'மாறுநிலை' என்று பொதுவாகச் சொன்னால் இரண்டும் அடங்கும்.

இலங்கை நண்பர்கள் மாறுநிலைக்கு அங்கே வழங்கும் 'அவதி' என்ற சொல்லை நினைவூட்டலாம். எல்லை என்ற பொருளில் அது அருமையான சொல்தான். ஆனால் 'அவதி கடந்த நீர்' என்று எழுதினால் இக்கரையில் உள்ளவர்கள் அந்த நீர் பட்ட துன்பத்துக்கு வருந்துவார்கள்.

மறுப்பு இல்லையென்றால் இதையே பட்டியலில் சேர்த்துவிடலாம். குழாய் பால்போல் வெளுக்கிறதே, அதற்கும் ஒரு சொல் இல்லாமல் இருக்கிறது. 'மாறுநிலைப் பால்மங்கல்' எப்படி?