நிலைக்கால் தேக்கில் செய்த பேஸ் கிட்டார் கழுத்து முறுக்கிக்கொண்டது, காப்பாற்ற வழி உண்டா?

மாடிப்பட்டறை:
தண்டையார்பேட்டை. மொட்டை மாடி ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மர வேலை பார்ப்பவன், இதுவரை செய்தது ஸ்டூல், ஷெல்ஃப், அக்கா குழந்தைக்கு ஒரு தொட்டில். தெரு கானா குழுவில் இரவல் பேஸ் வாசிக்கிறேன், சொந்தமாக ஒன்று செய்துவிடலாம் என்று ஆசை. தாத்தா வீட்டை இடித்தபோது வந்த பர்மா தேக்கு நிலைக்கால் இரண்டு இருந்தன. ஒன்றில் கழுத்தை ஒரே கட்டையாக அறுத்து, அன்றைக்கே இழைத்து, ட்ரஸ் ராடுக்கு (கழுத்துக்குள் வைக்கும் இரும்புத் தண்டு) பள்ளமும் எடுத்துவிட்டேன். பத்து நாளில் தலைப்பக்கம் ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டது. அத்தனை வருஷப் பழைய மரம் இன்னுமா காயவில்லை? ட்ரஸ் ராடைத் திருகினால் நேராகுமா?

இழைப்புளி:
ஆகாது தம்பி. கம்பி இழுத்துக் கழுத்து நீளவாக்கில் வளைந்தால் அதை நிமிர்த்தத்தான் ட்ரஸ் ராட். ஒரு மூலை தூக்குவது முறுக்கல், அதற்கு மருந்து இழைப்பதுதான். இரண்டு முனையிலும் நேரான ரீப்பரைக் குறுக்கே வைத்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள், எவ்வளவு என்று தெரியும். ஒன்றிரண்டு மில்லி என்றால், ஃப்ரெட் பலகை (விரல் வைத்து அழுத்தும், குறுக்குக் கம்பிகள் பதித்த மேல்பலகை) ஒட்டுவதற்கு முன்பே இழைத்து எடுத்துவிடலாம், ஆனால் பள்ளத்தின் ஆழம் குறையும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மரம் காயாதது காரணம் இல்லை. கனமான கட்டையைப் பிளந்ததும் உள்ளே அடைபட்டிருந்த இழுவை விடுபடும், புதிதாகத் திறந்த முகமும் ஈரம் குடிக்கும். உங்கள் ஊரில் பகலில் ஷீட் கொதிக்கும், ராத்திரி கடல் ஈரம். அறுத்த அன்றைக்கே கடைசி அளவுக்கு இழைத்ததுதான் தப்பு. கால் அங்குலம் கூடுதலாக விட்டு அறுத்து, வீட்டுக்குள் மூன்று நான்கு வாரம் போட்டு, அப்புறம் இழைக்க வேண்டும்.

பெரம்பூர்_நாலுகம்பி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் நான் அந்தக் கழுத்தை விட்டுவிடுவேன். நாலு கம்பியும் சேர்ந்து எழுபது எண்பது கிலோ இழுக்கும், ஒருமுறை முறுக்கியது அந்தப் பாரத்தில் சும்மா இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த நிலைக்காலை மூன்று பட்டையாக அறுத்து, நடுப்பட்டையை முனை மாற்றித் திருப்பி ஒட்டுங்கள், ஒன்று திரும்பப் பார்த்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். தேக்கில் எண்ணெய் உண்டு, அதனால் ஒட்டும் முகத்தை அசிட்டோன் போட்டுத் துடைத்த கையோடு ஒட்டிவிட வேண்டும். அறுக்கும் முன் காந்தம் வைத்து ஆணி தேடுங்கள், நான் தேடாமல் ஒரு பிளேடைத் தொலைத்தவன்.
உடலுக்கும் தேக்கு என்றால் யோசிக்கவும். உடல் மட்டும் மூன்று கிலோ வரும், கானா கச்சேரி என்ன ஒரு மணி நேரத்திலா முடிகிறது? தோள் போய்விடும்.

இழைப்புளி:
உடலுக்குத் தேக்கு இருக்கட்டும், உள்ளே கொஞ்சம் குடைந்துகொண்டால் போதும். ஆனால் உடல் ரொம்ப இலேசாகி, தலையில் கம்பியை முறுக்கும் நாலு பெரிய முடுக்கியும் இருந்தால் கழுத்து தரையைப் பார்த்துச் சாயும், அப்புறம் இடது கை வாசிக்காது, தாங்கிக்கொண்டே இருக்கும்.
இன்னொன்று. பிரிட்ஜுக்கு (உடலில் கம்பிகளின் முனையைத் தாங்கும் பாகம்) இப்போதே துளை போடாதீர்கள். கழுத்தை மாட்டி, நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகள் படியும் சிறு கட்டை) 12-வது ஃப்ரெட், வழக்கமான 34 அங்குல பேஸ் என்றால், சரியாக 17 அங்குலம் வருகிறதா என்று அளந்து, அங்கிருந்து இன்னொரு 17 வைத்துப் பிரிட்ஜின் இடத்தைக் குறியுங்கள். தடித்த ஈ கம்பிக்குச் சில மில்லி பின்னால் போக இடம் வேண்டும்.

மாடிப்பட்டறை:
நன்றி அண்ணே, நண்பா. காந்தம் வைத்தேன், கீல் பக்கம் மட்டும் ஏழு ஆணி! மூன்று பட்டையும் அறுத்து பீரோ மேல் ஏற்றியாகிவிட்டது. அம்மா அதில் ஒன்றைத் துணிக்கொம்பு என்று நினைத்து எடுத்துப் போய்விட்டார், கொடியிலிருந்து மீட்டு வந்தேன். பட்டையில் அவர் பெயரையே எழுதி வைத்திருக்கிறேன், இனி எடுக்க மாட்டார்.