தொடர் புத்தாக்கத்தை ஆராய வரும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு முதல் ஆண்டில் எதைக் கற்றுத்தருவது?

நொய்யல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஒரு கல்லூரியின் மேலாண்மைத் துறையில் பணிபுரிகிறேன். ஆய்வு நெறியாளராக அங்கீகாரம் பெற்ற பிறகு என்னிடம் மூன்று பேர் பதிவு செய்திருக்கிறார்கள். இருவர் முழுநேர மாணவர்கள். மூன்றாமவர் பம்ப்செட் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்கிறார். உற்பத்தி நிறுவனங்கள் அன்றாட வேலையை நிறுத்தாமலே புதியவற்றை எப்படித் தொடர்ந்து சேர்த்துக்கொண்டு போகின்றன, அதாவது தொடர் புத்தாக்கம், என்பதே மூவருக்கும் பொருள்.

சென்ற மாதம் மூவரும் தத்தம் ஆய்வு முன்வரைவைக் கொண்டுவந்தார்கள். மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை: ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு வினாப்பட்டியல், 384 பேர், பிறகு மென்பொருளில் ஒரு கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி, அதாவது பல காரணிகளுக்கிடையே உள்ள தொடர்பைக் கணக்கிடும் புள்ளியியல் முறை. 384 ஏன் என்று கேட்டால், 1970இல் கிரெஜ்சியும் மோர்கனும் வெளியிட்ட அட்டவணையைக் காட்டுகிறார்கள். அதன் கடைசி வரிசையில் பத்து லட்சம் பேருக்கு எதிரே நிற்கும் எண் அது என்பதையும், சமவாய்ப்பு முறையில் ஆளெடுத்தால்தான் அதற்குப் பொருள் உண்டு என்பதையும், தெரிந்தவர் மூலம் தெரிந்தவரைப் பிடித்து நிரப்பும் படிவங்களுக்கு அது பொருந்தாது என்பதையும் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. "ஒரே நாளில் நிரப்பிக் கொடுக்கும் தாளில் ‘தொடர்’ என்பது எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால் என்னிடமும் பதில் இல்லை. என் ஆய்வேடும் அதே அச்சில் வார்த்ததுதான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி குறைந்தது 12 கிரெடிட்டுக்குக் கோர்ஸ் ஒர்க் இருக்க வேண்டும். ஆய்வு முறையியலுக்கும், ஆய்வு மற்றும் வெளியீட்டு அறநெறிக்கும் போக மீதியுள்ள இடத்தில் எதை வைப்பது என்பது பெரும்பாலும் என் கையில் இருக்கிறது. எதைப் படிக்கச் சொல்லலாம், எதைச் செய்யச் சொல்லலாம்? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வடகடல் எழுதியது:

டென்மார்க்கில் இதை ஒட்டிய பொருளில்தான் முனைவர் பட்டம் முடித்தேன் என்பதால் எழுதுகிறேன். தொடர் மேம்பாடும் தொடர் புத்தாக்கமும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் தாங்களே வாதிட்டு நிறுவ வேண்டும். முதல் வேலை அதுதான். பிரைட்டனில் ஜான் பெசன்ட் போன்றவர்கள் 1990களில் ஆராய்ந்தது பெரும்பாலும் முன்னதை: கடைநிலைத் தொழிலாளிவரை எல்லாரும் சிறு சிறு திருத்தங்களைச் செய்துகொண்டே இருக்கும் பழக்கம் ஒரு நிறுவனத்தில் எப்படி வேர்பிடிக்கிறது என்பதை. ஆல்போர்க் பல்கலைக்கழகத்தின் ஹாரி போயர் முதலியோர் அந்தக் கேள்வியை அகலப்படுத்தினார்கள். அன்றாட உற்பத்தி, சிறு மேம்பாடு, கற்றல், பெரும் புத்தாக்கம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று இடைவிடாமல் பாதிப்பதைத்தான் அவர்கள் தொடர் புத்தாக்கம் என்றார்கள். அதற்குள் ஒரு முரண் இருக்கிறது. கையில் இருப்பதைச் செம்மையாகப் பயன்படுத்தும் நிறுவனம் புதியதைத் தேடும் திறனை இழந்துவிடக்கூடும் என்பதை நிறுவனங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் மார்ச் 1991இல் எழுதினார். கார்த் தொழிலை வைத்து அபர்நதி 1978இலேயே அதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லிவிட்டார். இந்த முரணைத் தொடாத முன்வரைவில் புத்தாக்கம் என்ற சொல் தலைப்பில் மட்டுமே இருக்கும்.

காலத்தை எப்படிப் பதிவு செய்வது என்பது அடுத்தது. ஆண்ட்ரூ வான் டி வென் தலைமையில் மினசோட்டாவில் 1983இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் 14 புத்தாக்கங்களை அவை நடந்துகொண்டிருக்கும்போதே பின்தொடர்ந்தது. எண்ணம், ஆட்கள், கொடுக்கல் வாங்கல், சூழல், விளைவு ஆகிய ஐந்தில் எது மாறினாலும் அதை ஒரு நிகழ்வாகக் குறித்துத் தேதியிட்டு வைத்தார்கள். எண்ணம் பிறந்து, உருவாகி, நடைமுறைக்கு வரும் என்ற நேர்கோட்டுப் படம் அந்தப் பதிவுகளுக்கு முன் நிற்கவில்லை. உங்கள் மூவரும் ஒரு பருவம் முழுக்க ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு இதே ஐந்து தலைப்பில் நிகழ்வுப் பட்டியல் தயாரிக்கட்டும். ஒரே மாற்றத்தை இருவர் தனித்தனியாகக் குறித்துவிட்டுப் பிறகு ஒப்பிட்டால், எதை நிகழ்வு என்று கொள்வது என்பதிலேயே சண்டை வரும். நெறியாளர் அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கக் கூடாது.

எங்கள் கருத்தரங்குகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் எழுதிய வரைவை இன்னொரு மாணவர் தம் சொற்களில் எடுத்துரைப்பார். எழுதியவர் இருபது நிமிடம் வாய் திறக்கக் கூடாது. தான் எழுதாததைப் பிறர் எடுத்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது கொடுமைதான். ஆனால் என் மூன்றாவது அத்தியாயம் உருப்பட்டது அந்த இருபது நிமிடத்தில்தான்.

பட்டறைக்காரன் எழுதியது:

ஐயா, வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் 22 ஆண்டுகள் வேலை செய்தவன். நாற்பது வயதுக்கு மேல் பகுதிநேரமாக முனைவர் பட்டமும் வாங்கினேன். வடகடல் சொன்னதை நம் ஊரில் செய்வதற்கு வேண்டிய பொருள் குவிந்து கிடக்கிறது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்காக ஜப்பானில் தரும் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதல் நிறுவனமாக வாங்கியது. 2002இல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. அதன் பிறகு தமிழ்நாட்டு உதிரிபாக நிறுவனங்கள் பல அந்த வழியில் போயின. அதனால் இருபது, இருபத்தைந்து ஆண்டுக் கைசன் தாள்கள் (தொழிலாளர்கள் செய்த சிறு மேம்பாடுகளை எழுதிவைக்கும் தாள்கள்), ஆலோசனைப் பதிவேடுகள், வரைபடத் திருத்தக் குறிப்புகள், காலைக் கூட்டப் பலகையின் புகைப்படங்கள் என்று தேதியோடு கூடிய காகிதம் பல ஆலைகளில் பீரோ பீரோவாக இருக்கிறது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

வினாப்பட்டியலோடு வருகிற மாணவரை ஆலைக்குள் எப்படி நடத்துவோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மனிதவள அதிகாரி அந்தப் படிவக் கட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பயிற்சித் தொழிலாளிகளைக் கூப்பிட்டு, "ஒரே மாதிரி போடாதீர்கள், அங்கங்கே மாற்றிப் போடுங்கள்" என்று சொல்லி நிரப்ப வைத்தார். முப்பது படிவம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அந்த ஆய்வேடு இன்று ஏதோ ஒரு நூலகத்தில் இருக்கும்.

ஆலோசனைகளின் எண்ணிக்கையையும் அப்படியே நம்பச் சொல்லாதீர்கள். தணிக்கைக்கு முந்தின மாதம் எண்ணிக்கை ஏறும். இலக்கை எட்ட ஒரு யோசனையை மூன்றாக உடைத்து எழுதுவார்கள். இந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் போட்டு எதனால் என்று விசாரித்தாலே அது நல்ல பயிற்சி. என்னைக் கேட்டால், மாணவர் ஒரு மாதம் ஒரே உற்பத்தி வரிசையின் பக்கத்தில் நிற்கட்டும். நான்கைந்து ஆண்டுக்கு முந்தைய கைசன் தாள்களில் இருபதை எடுத்துக்கொண்டு, அந்த மாற்றம் இன்னும் இருக்கிறதா, உருமாறியிருக்கிறதா, போய்விட்டதா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கட்டும். எதைச் சேர்த்தார்கள் என்பதைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், எது நிலைத்தது என்பதை எழுதுபவர் அரிது.

உங்கள் பகுதிநேர மாணவருக்கு ஓர் எச்சரிக்கை. சொந்த ஆலையில் ஆராய்ந்தால் ஆவணம் கிடைக்கும், உண்மை கிடைக்காது. என் கீழே வேலை செய்தவர்கள் எனக்குப் பிடித்த பதிலைத்தான் சொன்னார்கள். அதை உணர எனக்கு ஓராண்டு ஆயிற்று. பேட்டிகளை மற்ற இரண்டு மாணவர்களில் ஒருவர் எடுப்பது நல்லது. எந்த விவரம் வெளியே வரலாம், எது வரக்கூடாது என்பதை நிர்வாகத்திடம் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் ஆலை மேலாளர் மாறிவிட்டால் பழைய வாய்மொழிக்கு மதிப்பில்லை.

இரண்டாமாண்டு எழுதியது:

இவை எல்லாம் படிக்க நன்றாக இருக்கின்றன. ஆனால் மாணவியாக இருந்து பார்த்தால் இதன் விலை வேறு. நான் ஒரே நிறுவனத்தை ஆழமாக ஆராய்கிறேன் என்று சொன்னபோது டாக்டோரல் கமிட்டியில் எழுந்த முதல் கேள்வி "சாம்பிள் சைஸ் என்ன?" என்பதுதான். மூன்றாண்டில் முடிக்கலாம், ஆறாண்டுக்குள் முடிக்க வேண்டும், பெண்களுக்கு மேலும் இரண்டாண்டு சலுகை உண்டு என்று விதியில் இருக்கலாம். உதவித்தொகையும் வீடும் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. 384 என்ற எண்ணை மாணவர்கள் பிடித்துக்கொள்வது அறியாமையால் மட்டுமல்ல. அதைப் பார்த்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதாலும்தான். எனவே, நொய்யல் ஐயா, பயிற்சி மாணவர்களோடு நின்றால் போதாது. கமிட்டிக்கும் புறத் தேர்வாளருக்கும் புரியும் மொழியில் தங்கள் முறையை நியாயப்படுத்த அவர்களுக்குக் கற்றுத்தாருங்கள்.

எனக்குக் கைகொடுத்தது டாரதி லியனார்ட் பார்ட்டன் 1990இல் முன்வைத்த வழி. நடந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றத்தை நேரில் நீண்ட நாள் பின்தொடர்வது, அதோடு ஏற்கெனவே முடிந்துபோன பல மாற்றங்களை ஆவணத்தின் வழியாகவும் பேட்டியின் வழியாகவும் திரும்பிப் பார்ப்பது என இரண்டையும் அவர் இணைத்தார். நேரில் பார்ப்பதற்கு ஒரு ஆலை, திரும்பிப் பார்ப்பதற்கு ஐந்து ஆலைகள் என்று வைத்தபோது கமிட்டி ஏற்றுக்கொண்டது.

வினாப்பட்டியலைத் தள்ளிவைக்கவும் வேண்டாம். அதே ஆட்களிடம் எட்டு மாத இடைவெளியில் மூன்று முறை கேட்டால் அதுவும் காலத்தைத் தொடும். அதில் உள்ள சிக்கல் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான்: நான் முதல் சுற்றில் கேட்டவர்களில் பலர் இரண்டாம் சுற்றில் அங்கே இல்லை. காரணத்தையும் விளைவையும் ஒரே மேலாளரிடம் ஒரே தாளில் கேட்கும் தவறை மட்டும் செய்ய வேண்டாம். அவருடைய அன்றைய மனநிலைதான் இரண்டையும் இணைக்கும்.

வடகடல் எழுதியது:

அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கமிட்டியை மறந்துதான் எழுதிவிட்டேன். ஒன்று மட்டும். நேர்வுகள், அதாவது ஆழமாக ஆராய எடுக்கும் கேஸ்கள், எத்தனை என்ற கேள்விக்கு மேலாண்மை ஆய்வாளர் ஐசன்ஹார்ட் 1989இல் நான்கு முதல் பத்து வரை என்று எழுதியதைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அவர் சொன்னது அனுபவத்தில் கண்ட ஒரு வழிகாட்டுதல். அதையும் இன்னொரு 384 ஆக்கிவிட வேண்டாம். நான்காவது நேர்வை ஏன் எடுத்தீர்கள், அது முதல் மூன்றையும் எப்படிச் சோதிக்கிறது என்று மாணவர் ஒரு பக்கம் எழுத முடியாவிட்டால் அந்த நேர்வு வேண்டாம்.

நொய்யல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கோர்ஸ் ஒர்க்கில் ஒரு தாளை நிகழ்வுப் பட்டியலுக்கும் கைசன் தாள்களைத் தேடுவதற்கும் ஒதுக்குகிறேன். முன்வரைவை இன்னொருவர் எடுத்துரைக்கும் வழக்கத்தை வரும் திங்கள்முதல் தொடங்குகிறோம். முதலில் என் பழைய ஆய்வேட்டைக் கொடுத்து நானே வாயை மூடிக்கொண்டு உட்காரப் போகிறேன்.

பட்டறைக்காரன் ஐயா, உங்கள் யோசனையைப் பகுதிநேர மாணவர் ஒரு தாளோடு முயன்று பார்த்துவிட்டார். வார்ப்புகள் அடிபடாமல் இறங்குவதற்காக 2019இல் பொருத்திய ஒரு சறுக்குத் தட்டு. அந்த மாதத்தின் சிறந்த கைசன் என்று பரிசும் வாங்கியது. இன்று அந்த இடத்தில் தட்டு இல்லை. யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று கேட்டால் மேற்பார்வையாளர் முதற்கொண்டு யாருக்கும் தெரியவில்லை. வினாப்பட்டியலை விட்டுவிட்டு இதையே பிடித்துக்கொண்டு போகலாமா என்று அவரே கேட்கிறார்.

பட்டறைக்காரன் எழுதியது:

போகலாம். மேற்பார்வையாளரை விட்டுவிட்டு, பராமரிப்புப் பிரிவின் பதிவேட்டையும் இரவு ஷிஃப்ட் ஆட்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வார்ப்பின் அளவு மாறிப் புதிய மாடல் வந்த தேதியையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும். தட்டு அனேகமாகக் கிடங்கில்தான் கிடக்கும். அதை எடுத்தவர் அந்த இடத்தில் வேறு எதையாவது செய்து வைத்திருப்பார், அதற்குத் தாள் இருக்காது.