லைட் கம்பெனியை எப்படிப் பிரிப்பது? (புசாகோ 1810, 28 மி.மீ.)

நண்பர்களே, நெப்போலியன் காலத்து புசாகோ போரை (போர்த்துகல், 1810) 28 மி.மீ. உயரப் பொம்மை வீரர்களை வைத்து மேசைப் போர் விளையாட்டாக அமைக்கிறேன்; பிரிட்டிஷ் பட்டாலியனில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அதன் லைட் கம்பெனியை, அதாவது முன்னால் சிதறிச் சென்று சுடும் கம்பெனியை, தனியே பிரிக்க முடியவில்லை. ஒரு பொம்மைக்கு 20 வீரர் என்பது கணக்கு.

பிரெஞ்சுப் பக்கம் சிக்கலே இல்லை. நெப்போலியனின் 1808 படை அமைப்பு மாற்றத்துக்குப் பிறகு பட்டாலியனுக்கு 6 கம்பெனி. களத்தில் 480 பேர் என்று வைத்தால் 24 பொம்மை, கம்பெனிக்கு 4, அதற்கு ஒரு 40 மி.மீ. அகல பேஸ் (பொம்மைகளை ஒட்டும் தட்டு). வோல்டிஷர் (பிரெஞ்சுக்காரர்களின் லைட் கம்பெனி) பேஸை எடுத்து முன்னால் வைத்தால் வேலை முடிந்தது.

பிரிட்டிஷ்காரர்களுக்கு 10 கம்பெனி. 600 பேருக்கு 30 பொம்மை, கம்பெனிக்கு மூன்றே மூன்று! போதாததற்கு, பிரெஞ்சு வரிசை மூன்று ஆள் ஆழம், இவர்களோ இரண்டு. அந்த விகிதப்படி 24 செ.மீ. பிரெஞ்சு வரிசைக்கு எதிரே இவர்கள் 45 செ.மீ. நீள வேண்டும்.

இரண்டு வரிசையாக ஒட்டினால் 30 செ.மீ.தான் வருகிறது. ஒற்றை வரிசை 60 செ.மீ.; மேசையில் மலைமுகடே மறைந்துவிடுகிறது. அப்புறம் இரண்டிரண்டு கம்பெனியாகச் சேர்த்து 90 மி.மீ. பேஸில் ஆறு பொம்மை வைத்தேன். அகலம் கச்சிதம், ஆனால் லைட் கம்பெனி இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டதால் முன்னால் அனுப்ப முடியவில்லை.

அகலம் கெடாமல் லைட் கம்பெனியை மட்டும் தனியே பிரிக்க நீங்கள் எப்படி பேஸ் அமைக்கிறீர்கள்?