வாசனையே தெரியவில்லை, இது கொரோனாதானா? (லண்டன், மார்ச் 26, 2020)

ஈஸ்ட்ஹாம்வாசி:
திங்கள் இரவு பிரதமர் டிவியில் ஊரடங்கை அறிவித்தபோது எனக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, வறட்டு இருமல்தான் போகவில்லை. காலையில் மனைவி ரசத்துக்குப் பெருங்காயம் தாளித்தாள். அடுப்பருகே நின்றும் ஒரு வாசனையும் வரவில்லை. மூக்கடைப்பும் இல்லை! மருத்துவமனையில் சேர்ப்பவர்களுக்குத்தான் பரிசோதனை என்கிறார்கள். யாருக்காவது இப்படி வந்ததா? ஒரே படுக்கையறை, இரண்டு வயதுக் குழந்தை வேறு.

குரோய்டன் அக்கா:
தம்பி, நான் நர்ஸ். வாசனை போவதும் அறிகுறியாக இருக்கலாம் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் போன வாரமே சொல்லிவிட்டார்கள். அரசாங்கப் பட்டியலில் இருமலும் காய்ச்சலும்தான் இருக்கின்றன, அதை விடுங்கள். அறிகுறி தொடங்கியதிலிருந்து உங்களுக்கு 7 நாள், வீட்டில் மற்றவர்களுக்கு 14 நாள், யாரும் வெளியே போகக் கூடாது. பாராசிட்டமால் போதும். ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே அவசர எண் 999-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மிளகுரசம்:
பாராசிட்டமாலுக்கு எங்கே போவது அக்கா? கடையில் அலமாரியே காலி. தம்பி, நான் ஹை ஸ்ட்ரீட் நார்த் பக்கம்தான். என்னிடம் ஒரு அட்டை இருக்கிறது, வாசலில் வைத்துவிட்டு மணி அடிக்கிறேன். நான் போனபிறகு கதவைத் திறங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
சரி அக்கா, சோபாவுக்கு மாறிவிட்டேன். அண்ணா, முகவரி தனிச்செய்தியில். முடிந்தால் ஒரு பால் பாக்கெட்டும்.