புதுப்பிப்பு: மீந்த வான்கோழி, ஸ்டஃபிங் உருண்டைகள் உடையாமல் வந்தன

தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்க நன்றி நாள்) விருந்து முடிந்து மீந்த வான்கோழியையும் ஸ்டஃபிங்கையும் (வான்கோழியோடு பரிமாறும் ரொட்டிக் கலவை) ஒரே வாயில் போடும் அளவுக்கு உருட்டிப் பொரித்தால் எண்ணெயில் உடைந்துபோகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, பொரிக்காமல் மினி மஃபின் தட்டில் (சின்னக் குழிகள் உள்ள தட்டு) வைத்து ஓவனில் சுடச் சொன்ன யோசனைதான். 2 கப் ஸ்டஃபிங், பொடியாக நறுக்கிய வான்கோழி 1 கப், ஒரு முட்டை. ஸ்டஃபிங் வறண்டிருந்ததால் கொஞ்சம் சிக்கன் பிராத் (கோழி வேகவைத்த சாறு) தெளித்தேன். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாவு போல நிற்க வேண்டும், அவ்வளவுதான். குழிகளில் நன்றாக வெண்ணெய் தடவி, அழுத்தி நிரப்பி, 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சுமார் 20 நிமிடம். ஓரம் பழுப்பாகும் வரை விடுங்கள். உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் வந்துவிட்டதா என்று தெர்மாமீட்டர் குத்திப் பார்ப்பது நல்லது. வெளியே எடுத்ததும் கவிழ்க்காதீர்கள், ஐந்து நிமிடம் ஆறினால் கத்தி நுனியால் நெம்பியதும் முழுசாக வந்துவிடும்.

ரொட்டித்தூள் சேர்க்கச் சொன்னதையும் செய்து பார்த்தேன். பிடிக்கிறது, ஆனால் ருசி மந்தம்.

எதிர்பாராதது கிரான்பெர்ரி (புளிப்பான சிவப்புப் பழம்) சாஸ். சிலவற்றின் நடுவில் அதை வைத்துச் சுட்டபோது, கொதித்து வழிந்து தட்டில் கருகி ஒட்டிக்கொண்டது. சுட்ட பிறகு மேலே ஒரு சொட்டு வைத்தால் போதும். அப்புறம், உப்பு தனியாகப் போடாதீர்கள். ஸ்டஃபிங்கிலும் பிராத்திலும் இருப்பதே தாராளம்.