முல்லைத்தீவுக் கரையில் அலைக் கணிப்பை எப்படிப் படிப்பது?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். முல்லைத்தீவில் நாங்கள் மூன்று பேர் ஒரே ஒரு பலகையை வைத்து அலைச்சறுக்கு பழகுகிறோம். காற்று, அலைக் கணிப்புக்குப் பார்ப்பது விண்டி செயலி. அது காட்டுவதும் கரையில் காண்பதும் பொருந்துவதில்லை.

போன கிழமை தெற்கிலிருந்து அலை உயரம் 1.2 மீற்றர், அலைக்கு அலை இடைவெளி 13 செக்கன் என்று இருந்தது. இடைவெளி நீண்டால் அலைக்கு வலு அதிகம் என்று நம்பி விடியக் காலையிலேயே போனோம். முழங்கால் அளவுகூட இல்லை! எங்கள் கரை வடகிழக்கைப் பார்த்திருப்பதால் தெற்கு அலை தென்கிழக்கில் உள்ள அறுகம்குடாப் பக்கத்தோடு நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் எந்தத் திசை காட்டும் நாளில் நாங்கள் இறங்கலாம்?

காற்று ஓரளவு பிடிபட்டுவிட்டது. கச்சான் (தென்மேற்குக் காற்று) தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் அலை துப்புரவாக நிமிர்ந்து நிற்கும். கடலிலிருந்து அடிக்கும் வாடையில் (வடகிழக்குக் காற்று) எல்லாம் குழம்பிவிடும்.

பிடிபடாதது அலை உடையும் மணல் திட்டுத்தான். போன வாடைக் காலத்துக்குப் பிறகு திட்டெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. நேற்று இரண்டு வெள்ளை நுரைக்கு நடுவில், அலை உடையாமல் கடும் நிறத்தில் ஒரு பாதை தெரிந்தது. அமைதியான இடம் என்று தம்பி இறங்கினான். தண்ணீர் அவனை வெளியே இழுத்துவிட்டது. கரைக்கு நேரே நீந்தாமல் பக்கவாட்டில் நீந்தி வந்து சேர்ந்தான். எனக்கு இன்னும் நெஞ்சு பதறுகிறது.

கரையில் நின்றே திட்டையும், இப்படி வெளியே இழுக்கும் நீரோட்டத்தையும் எப்படிப் பிரித்தறிவது? எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு இறங்குவீர்கள்? கிழக்குக் கரையில் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.