ஆட்டிசம் உள்ள மகனிடம் தமிழ் பேசக் கூடாதா?

பெரம்பூர் அம்மா:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். ஆட்டிசம் என்று சென்ற மாதம் உறுதிசெய்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துச் சென்று குழாயின்மேல் வைப்பான், சில நாள்களாக, நான் கேட்கும் அதே இராகத்தில், “தண்ணி வேணுமா?” என்கிறான். பயிற்சி மையத்தில் இரண்டு அறிவுரைகள் கூறினார்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும்; அவன் நம் கண்ணைப் பார்த்தால்தான் கேட்டதைக் கொடுக்க வேண்டும். பகல் முழுவதும் அவனைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. பேசினால் பேரனுக்குக் கெடுதல் என்று பயந்து, இரண்டு வாரமாக அவனிடம் அவர் வாயே திறப்பதில்லை. நேற்று ஒரு சொல்லும் இல்லாமல் இரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் தாங்கவில்லை. இந்த இரண்டு அறிவுரைகளுக்கும் ஆய்வில் ஆதாரம் இருக்கிறதா?

பேச்சுப் பயிற்சியாளர், அடையாறு:

முதலில் உங்கள் மாமியாரை இன்றே பேசச் சொல்லுங்கள், அம்மா. இரண்டு மொழிகள் கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளையும் ஒரே மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளையும் கனடாவில் ஒப்பிட்டுப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். இரண்டாம் மொழியால் கூடுதல் தாமதம் எதுவும் காணப்படவில்லை. உங்கள் வீட்டிலோ தமிழை நிறுத்தியதால் ஆங்கிலம் கூடவில்லை, பேச்சே குறைந்துவிட்டது.

“தண்ணி வேணுமா?” என்பதை வெறும் கிளிப்பேச்சு என்று ஒதுக்காதீர்கள். எக்கோலேலியா எனப்படும் இந்த எதிரொலிப் பேச்சால் குழந்தைகள் கேட்கிறார்கள், மறுக்கிறார்கள், தம் முறை வரும்போது பதில் தருகிறார்கள் என்பதை பேச்சு மொழி வல்லுநர் பேரி பிரிசன்ட் 1980களிலேயே எடுத்துக்காட்டினார். அந்தக் கேள்வி வந்ததும் தண்ணீர் வருகிறது என்று உங்கள் மகன் கண்டுபிடித்திருக்கிறான். தம்ளரைக் கொடுத்துக்கொண்டே, அவன் சொல்ல வேண்டிய வடிவத்தில், “தண்ணி வேணும்” என்று மட்டும் சொல்லுங்கள். திரும்பச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம்.

உளவியலாளர் எலிசபெத் பேட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1975இல் குழந்தைகள் விரல் நீட்டுவதை இரண்டாகப் பிரித்தார்கள்: ஒன்று, பொருளைக் கேட்பதற்காக, மற்றொன்று, “அதோ பார்” என்று பிறருடன் பகிர்ந்துகொள்வதற்காக. ஆட்டிசத்தில் பெரும்பாலும் தாமதமாவது இரண்டாவதுதான். அதை வளர்க்கும் வழி அவன் தலையை நம் பக்கம் திருப்புவதன்று. அவன் எதைப் பார்க்கிறானோ அதை நாமும் பார்த்து, அதைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டுக் காத்திருப்பது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. சிறப்புப் பட்டம் பெறாத உள்ளூர்ப் பணியாளர்களே, பெற்றோர் குழந்தையோடு விளையாடும் காணொளியை அவர்களுக்கே காட்டி இப்படிப்பட்ட முறையைப் பழக்கினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கோடு இணைந்து பேசுவது கூடியது. குழந்தைகள் தாமாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. ஆனால் இருவரும் ஒன்றிலேயே கவனம் வைத்திருந்த நேரம் கூடவில்லை, குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் மாற்றித் தரும் பயிற்சி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

பாட்டிக்கு ஒரு வேலை சொல்கிறேன். “நண்டூறுது நரியூறுது” விளையாடும்போது, விரல்கள் முழங்கையைத் தாண்டியதும் நிறுத்திவிட்டுப் பத்து எண்ணும்வரை சும்மா இருக்கட்டும். அடுத்தது அவன் முறை.

தாம்பரம் அம்மா:

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. படங்களைத் தொட்டுப் பேசும் ஆவாஸ் செயலியைப் பயன்படுத்துகிறாள். அது நம் சென்னையிலேயே உருவானது. படம் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று பலர் எங்களையும் பயமுறுத்தினார்கள். 2006இல் வந்த ஆய்வுத் தொகுப்பு அதற்கு நேர்மாறாக, இத்தகைய கருவிகளால் பேச்சு குறையவில்லை என்றும் பலருக்குச் சற்றுக் கூடியது என்றும் காட்டியது. நாங்கள் அதைப் படிக்கத் தாமதமானதில் மூன்று ஆண்டுகள் வீணாயின. நீங்கள் காத்திருக்காதீர்கள்.

சோழிங்கநல்லூர் வாசகர்:

நான் ஆட்டிசம் உள்ளவன், வயது 31. ஆட்டிசத்துக்குத் தமிழில் வழங்கும் மதியிறுக்கம் என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை, ஏனெனில் என் மதி இறுகியிருக்கவில்லை. கண்ணைப் பார்ப்பது குறித்து மட்டும் எழுதுகிறேன். எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்தால் அவர் சொல்வது என் காதில் நிற்காது. அவர் தோளையோ மேசையையோ பார்த்தால் முழுவதும் கேட்கும். தாகத்தோடு இருக்கும் குழந்தையிடம் கண்ணை விலையாகக் கேட்காதீர்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே புரிதல் தடைப்படும்போது, குறை இரு பக்கமும் இருக்கிறது என்று, தாமும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதினார். அதன்பின் ஆய்வாளர் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் எட்டெட்டுப் பேராக வரிசை அமைத்து, ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லும்படி செய்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்களின் வரிசையில் போலவே நன்றாகச் சென்றது. கலந்திருந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. அவர்கள் பெரியவர்கள், உங்கள் மகன் சிறு குழந்தை என்பது உண்மையே. ஆயினும் அவன் உங்கள் கையைக் குழாயின்மேல் வைத்தபோது உங்களுக்குப் புரிந்ததல்லவா?

பெரம்பூர் அம்மா:

மூவருக்கும் நன்றி. பதில்களை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன், அழுதுவிட்டார். இரவே நண்டூறுது விளையாடி, முழங்கையில் நிறுத்தினார். ஏழு எண்ணுவதற்குள் அவர் விரலைப் பிடித்துத் தன் அக்குளுக்கு இழுத்து, “நண்டு வேணுமா?” என்றான். பார்வை சுவரில்தான் இருந்தது. காணொளி எடுத்து வைத்திருக்கிறோம். வியாழக்கிழமை மையத்தில் காட்டி, வீட்டில் தமிழே தொடரும் என்று சொல்லப் போகிறேன்.